கத்தி சுழல்கிறது, மாம்பழம் நகரவில்லை

தனியாளுக்கான சிறிய பிளெண்டர் வாங்க 300 வாட் போதுமா, 1,000 வாட் வேண்டுமா என்று சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கையிலிருக்கும் யூஎஸ்பி பிளெண்டரில் உறைந்த மாம்பழத்தைப் போட்டால் கத்தி கத்துகிறது, பழம் அசையவில்லையாம்.

வாட் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். யூஎஸ்பி வகை லித்தியம் மின்கலத்தில் ஓடுவது. இரண்டு கலங்கள் சேர்ந்து தருவது சுமார் 7.4 வோல்ட், அதிலிருந்து 100 வாட் எடுக்கவே 13 ஆம்பியருக்கு மேல் வேண்டும். சுவரில் செருகும் வகைக்கு 230 வோல்ட் கிடைப்பதால் 1,000 வாட் பெரிய காரியமில்லை. வாழைப்பழமும் பாலும் அடிக்க யூஎஸ்பி வகை போதும், பனிக்கட்டிக்குச் சுவரில் செருகும் வகைதான். ஆனால் 1,000 வாட் பிளெண்டரிலும் மாம்பழம் இதே கூத்தை அடிக்கும்.

6 செ.மீ. விட்டமுள்ள கத்தி நிமிடத்துக்கு 20,000 முறை சுற்றினால், அதன் முனை மணிக்கு 226 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. இந்த வேகத்தில் கூர்மைகூடத் தேவையில்லை. மோதியதுமே பனிக்கட்டி சிதறும். சிக்கல் அங்கே இல்லை. கத்தி எட்டும் உயரம் ஒரு விரற்கடைதான். மற்றதெல்லாம் தானாக அங்கே வந்து சேர வேண்டும்.

தண்ணீர் வந்துவிடும். கத்தி அதை வெளிப்பக்கம் எறிகிறது. அது சுவரோரமாக மேலேறி, நடுவில் விழும் பள்ளத்தின் வழியே மறுபடி கத்தியிடம் இறங்குகிறது. உறைந்த பழக்கூழ் வேறு சாதி. தக்காளி சாஸ் போத்தலைக் கவிழ்த்தால் சும்மா நிற்கும், தட்டினால்தான் கொட்டும் அல்லவா? பழக்கூழும் அப்படியே. குறிப்பிட்ட விசை வரை திடப்பொருள், அதைத் தாண்டினால் திரவம். கத்திக்குப் பக்கத்தில் விசை அதிகம், கூழ் இளகி ஓடுகிறது. இரண்டு விரல் தள்ளினால் விசை தேய்ந்துவிடுகிறது, கூழ் கல்லாக நிற்கிறது. ஆக, கத்தி தன்னைச் சுற்றி ஒரு குகையைக் குடைந்துகொண்டு அதற்குள்ளேயே சுழல்கிறது. குகைக்குள் காற்று புகுந்தால் கத்திக்குச் சுமையே இல்லை. மோட்டாரின் ஓசை திடீரென்று கிறீச்சென உயர்வது அந்தக் கணத்தில்தான். அப்போது வேகத்தைக் கூட்டுவது காற்றைக் கடைவதற்குச் சமம். நிறுத்துங்கள், குகையின் கூரை சரிந்து கத்திமேல் விழட்டும். இரண்டு கரண்டி பால் ஊற்றி, விட்டுவிட்டு அடியுங்கள். ஐஸ் கச்சாங் எனும் துருவிய பனி இனிப்பைச் செய்யும் இயந்திரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது, ஏனென்றால் அது பனிக்கட்டிப் பாளத்தைக் கத்தியின்மேல் அழுத்திப் பிடித்திருக்கிறது.

கத்தியருகே திரவப் படலங்கள் வெவ்வேறு வேகத்தில் ஒன்றையொன்று இழுத்துச் செல்லும் இந்த விசைக்கு அறிவியல் வரலாற்றிலும் இடமுண்டு. பாக்டீரியாவின்மேல் ஒட்டிக்கொண்டிருந்த வைரஸ் உறைகளை அமெரிக்க விஞ்ஞானிகள் ஆல்ஃபிரட் ஹெர்ஷியும் மார்த்தா சேஸும் சமையலறை பிளெண்டரால்தான் பிய்த்தெடுத்தார்கள். உள்ளே போனது டிஎன்ஏ, வெளியே தங்கியது பெரும்பாலும் புரதம் என்று 1952-ல் அறிவித்தார்கள்.

தேக்கா சந்தையில் வாங்கினாலும் பேரங்காடியில் வாங்கினாலும், கோப்பைக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். சுவரில் மேடான வரிகள் இருக்க வேண்டும். வழுவழுவென்றிருந்தால் பழம் கத்தியோடு கூடவே சுற்றும். கூடவே சுற்றுவதை எப்படி அடிப்பது? கத்தியின் இதழ்களில் சில மேலாகவும் சில கீழாகவும் வளைந்திருப்பது நல்லது. இவை இரண்டும் சரியாக இருந்தால் 600 வாட்டே தாராளம் என்பது என் கருத்து.

கவிழ்த்துப் பொருத்தும் கோப்பையில் உறைந்ததை முதலில் போட்டு, பாலைக் கடைசியில் ஊற்ற வேண்டும். கவிழ்த்ததும் பால் கத்திமேல் வந்து நிற்கும். கூஜா வகையில் நேர்மாறு. ரொம்ப நேரம் ஓட்டவும் வேண்டாம்: 1,000 வாட் ஒரு நிமிடம் ஓடினால் 60 கிலோஜூல், அது முழுவதும் பானத்துக்குள் போனால் 180 கிராம் பனிக்கட்டி உருகிவிடும்.

ஜப்பானிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ இணையத்தில் தருவிப்பவர்கள் அடிப்பக்கம் அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கே 100, 120, இங்கே 230. சில வெள்ளிக்குக் கிடைக்கும் பிளக் மாற்றி துளையின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை அல்ல.