ஆறு பேர் அறையில் குரல் எப்படித் திருந்துகிறது?

“எனக்குச் சுருதியே சேராதுங்க” என்று சொல்லி ஒதுங்குபவர்கள் எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறார்கள். கரவோக்கே மைக் கைக்கு வந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் தள்ளிவிடுவார்கள். தங்கள் காதில்தான் கோளாறு என்பது அவர்களின் முடிவு. பெரும்பாலும் அந்த முடிவு தவறு. சிங்கப்பூரில் ஆறேழு பேர் கூடி மெட்டுக்கு வரி எழுதிப் பாடிப் பார்க்கும் சிறு பயிலரங்குகளில் அவர்கள் குரல் எப்படித் திருந்துகிறது என்பதே இங்கே பேச்சு.

கனடாவின் மொன்றியலில் ஷான் ஹட்சின்ஸ், இசபெல் பெரெட்ஸ் என்ற இருவர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், இசை பயிலாத சாதாரண ஆட்களுக்கு ஒரு ஒலியைக் கேட்கக் கொடுத்து, அதே சுருதியை இரண்டு விதமாகப் பிடிக்கச் சொன்னார்கள். ஒன்று, தொண்டையால். மற்றொன்று, விரலை நகர்த்தினால் ஒலி ஏறி இறங்கும் ஒரு பட்டையால். குரலில் தடுமாறியவர்கள் பட்டையில் நன்றாகவே பிடித்துவிட்டார்கள். காது கேட்கிறது, வேறுபாடும் தெரிகிறது. காதில் விழுந்ததைத் தொண்டைக்குச் சொல்லும் வழியில்தான் சிக்கல். பிறவியிலேயே சுருதி பிடிபடாதவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்றே மதிப்பீடுகள் சொல்கின்றன.

அந்த வழி ஏன் இவ்வளவு சிக்கலானது? குரல்வளைக்குள் இருக்கும் குரல்நாண்கள் இரண்டும் ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அடங்குபவை. நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை விலக்குகிறது. விலகிய நாண்கள் தங்கள் இழுவிசையாலும் காற்றழுத்தம் குறைவதாலும் மறுபடி சேர்கின்றன. கட்டை என்பது பாட்டின் அடிப்படைச் சுருதியைக் குறிக்கும் எண்; 5 கட்டையில் ஒரு பெண் அடிப்படை ஸ்வரமான ‘ஸ’ பிடித்தால் இது நொடிக்கு 196 முறை நடக்கும். நாண்களை இழுத்து நீட்டினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஆனால் எவ்வளவு இழுத்திருக்கிறோம் என்பது நமக்கு நேராகத் தெரிவதில்லை. விரலைக் கண்ணால் பார்க்கலாம்; குரல்நாணைப் பார்க்க முடியாது. கண்ணாடி இல்லாமல் நெற்றியின் நட்டநடுவில் பொட்டு வைப்பது போன்ற வேலை இது. எங்கே போய் நின்றது என்று சொல்ல நமக்கு இருப்பது காது மட்டும்தான்.

காது அந்த வேலையை ஓயாமல் செய்கிறது. பாடுபவரின் குரலையே ஹெட்ஃபோனில் அவருக்குத் திருப்பிக் கொடுத்து, நடுவில் அவருக்குத் தெரியாமல் கொஞ்சம் ஏற்றிவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கோ சற்றுக் கூடவோ ஆவதற்குள் பாடுபவர் தன்னை அறியாமலேயே குரலை இறக்கிவிடுகிறார். யோசித்துச் செய்வதல்ல, அனிச்சை. பாட்டுப் பயிற்சி என்பதில் பாதி, இந்த அனிச்சை வேலை செய்ய வசதியான இடத்தை அமைத்துக் கொடுப்பதுதான்.

மொன்றியல் ஆய்வில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. பயிலாதவர்கள் இயந்திரக் குரலைவிட, பதிவு செய்யப்பட்ட தங்கள் சொந்தக் குரலோடு நன்றாகச் சேர்ந்தார்கள். குரலின் நிறம், அதாவது ஒவ்வொரு குரலுக்கும் உள்ள தனி ஒலித்தன்மை, மாறினால் அதன் சுருதியை நம் தொண்டைக்குப் பெயர்த்துக்கொள்வது கடினமாகிறது. குழந்தைகளிடமும் இதைப் பார்க்கலாம். ஆண் ஆசிரியர் பாடிக் காட்டுவதைவிட ஒரு பெண்ணோ இன்னொரு குழந்தையோ பாடிக் காட்டினால் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஹார்மோனியத்தை மட்டும் அழுத்திக்காட்டி “சேரல, சேரல” என்று திட்டும் முறை ஏன் பலரைக் காலத்துக்கும் ஊமையாக்கிவிடுகிறது என்பதற்கு இதில் ஒரு விளக்கம் இருக்கிறது. திரையில் கோடு ஏறி இறங்கிச் சுருதியைக் காட்டும் செயலிகள் மீதும் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. அந்த ஆய்வில் சுருதியை அப்படித் திரையில் காட்டியும் பார்த்தார்கள். அதனால் யாரும் அந்த இடத்திலேயே திருந்திவிடவில்லை.

சரி, இதற்கும் சிறு குழுவுக்கும் என்ன தொடர்பு?

சிங்கப்பூரில் தமிழில் பாட்டுக் கற்க வழிகளுக்குக் குறைவில்லை. 1949-ல் தொடங்கிய சிஃபாஸ் என்னும் இந்திய நுண்கலைக் கழகத்தில் கர்நாடக சங்கீதத்தை அடிப்படையிலிருந்து முறையாகப் படிக்கலாம். சமூக மன்றங்களில் வார இறுதி வகுப்புகள் உண்டு. ஏப்ரலில் தமிழ் மொழி விழா வந்தால் பயிலரங்கு அறிவிப்புகள் கூடும். பத்துக்கும் குறைவானவர்கள் வட்டமாக உட்கார்ந்து மெட்டுக்கு வரி எழுதி, அதை அங்கேயே பாடிப் பார்க்கும் வகைதான் இங்கே நம் விஷயம்.

கூட்டம் பெரிதானால் குரலுக்கு இரண்டு விபத்துகள் நேரலாம். ஒன்று, தன் குரல் தனக்கே கேட்காமல் போவதால் கத்துவது. சுற்றிலும் சத்தம் கூடினால் நாமும் தானாகக் குரலை உயர்த்துவோம் என்று எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே விளக்கினார். ஹாக்கர் சென்டரில் மதிய நேரத்தில் சாப்பிட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றொன்று இதற்கு நேர்மாறு, ஒளிந்துகொள்வது. அமெரிக்காவில் பிப் லட்டானேயும் குழுவினரும் 1979-ல் ஆட்களைத் தனியாகவும் கூட்டமாகவும் கத்தச் சொல்லி அளந்தார்கள். கண்ணைக் கட்டி, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, “உங்களோடு இன்னும் ஐந்து பேர் கத்துகிறார்கள்” என்று நம்பவைத்தால் போதும். ஒருவர் தனியாகக் கத்தும் அளவில் 74 விழுக்காடுதான் வெளியே வந்தது. ஒரே ஒருவர் கூட இருப்பதாக நம்பியபோது 82 விழுக்காடு. யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. தன் குரல் தனியாகக் கணக்கில் வராது என்று தோன்றினாலே தொண்டை தானாகச் சுருங்கிக்கொள்கிறது.

தனியாகப் பாடினால் இந்த இரண்டும் இல்லை. ஆனால் ஒப்பிட வேறு குரலும் இல்லை. அது போக, நம் குரல் காற்று வழியாக மட்டுமன்றி மண்டையோட்டின் எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போகிறது. எலும்பு கீழ் ஒலிகளைத் தாராளமாகக் கடத்துவதால் நமக்குள் நம் குரல் கனமாக ஒலிக்கிறது. கைப்பேசிப் பதிவில் கேட்கும்போது “இது நானா?” என்று அதிர்வது அதனால்தான். அடுத்தவர் கேட்பது அந்த மெல்லிய குரலைத்தான்.

ஸ்வீடனின் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம் சேர்ந்திசைக் கலைஞர்களை வைத்து 1999-ல் ஒன்றை அளந்தார். தன் குரலும் மற்றவர்கள் குரலும் எந்த விகிதத்தில் காதில் விழுந்தால் பாடுவது வசதி என்பதே கேள்வி. ஆளுக்கு ஆள் நிறைய மாறினாலும், சராசரியாகத் தன் குரல் மற்றவர்களுடையதைவிட 6 டெசிபெல் கூடுதலாகக் கேட்பதை விரும்பினார்கள். நெருக்கியடித்து நிற்கும் நாற்பது பேர் வரிசையில் இது கிடைப்பது கடினம். ஆறு ஏழு பேர் கை நீட்டும் இடைவெளியில் வட்டமாக நின்றால் சுலபமாகக் கிடைக்கும். தன் குரல் தெளிவாகக் கேட்கிறது, பக்கத்தில் ஏறக்குறைய அதே நிறத்தில் ஒரு குரல் இருக்கிறது, ஒளிந்துகொள்ளவும் முடியாது. இருபது பேரைச் சேர்த்துவிட்டு அதையும் பட்டறை என்று அறிவிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். அது சொற்பொழிவு.

எந்தக் கட்டையில் பாடுவது என்பது முதல் நாளிலேயே வரும் தலைவலி. ஆண்களுக்கு 1 கட்டை வாகு, ‘ஸ’ நொடிக்கு 131 அதிர்வு. பெண்களுக்கு 5 கட்டை, 196 அதிர்வு. ஆணின் ‘ப’தான் பெண்ணின் ‘ஸ’. இருவரையும் ஒரே கட்டையில் பாடவைத்தால் ஒருவர் திணறுவார். நடுவில் 3 கட்டையில் வைத்து, மெட்டை ஆறு ஸ்வரத்துக்குள் அடக்கினால் இரு பக்கமும் தாங்கும். இது விட்டுக்கொடுத்தல் மாதிரித் தெரியலாம். ஆனால் சிங்கப்பூர் தேசிய கீதமே 2001-ல் ஜி மேஜரிலிருந்து எஃப் மேஜருக்கு இறங்கியிருக்கிறது. நம் கணக்கில் 5 கட்டையிலிருந்து 4 கட்டைக்கு. உச்சத்தில் தொண்டை இறுகுவது அதனால் எவ்வளவு குறையும் என்று பள்ளி அணிவகுப்பில் நின்று பாடியவர்களைக் கேட்டால் தெரியும்.

அப்புறம் ஏர்கான். வெளியே ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டும் ஊரில், பயிற்சி அறைக்குள் மட்டும் காற்றைக் காயவைத்துக்கொள்கிறோம். காய்ந்த குரல்நாணை அதிரவைக்க அதிகக் காற்றழுத்தம் வேண்டும். குடிக்கிற தண்ணீர் நாண்களின் மேல் படுவதே இல்லை, அது உணவுக்குழாய் வழியாகப் போய்விடுகிறது. உடம்பில் சேர்ந்து அங்கே போய்ச் சேர நேரமாகும். ஆகவே பாடுவதற்கு ஒரு நிமிடம் முன்னால் பாட்டிலைக் காலி செய்து பயனில்லை. காலையிலிருந்தே குடித்துவர வேண்டும்.

இனி எழுதும் பக்கம். பயிலரங்கில் மெட்டைத் தத்தகாரத்தில் கொடுப்பார்கள், ‘தந்தன தானா’ என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேரும் சேர்ந்து யோசித்தால் நல்ல வரி வந்துவிடும் என்று தோன்றும். வராது. ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோப என்ற இருவர் 1987-ல் காட்டியபடி, கூடிப் பேசி யோசிக்கும் குழுவைவிட, தனித்தனியாக யோசித்துப் பிறகு கூட்டிச் சேர்த்தால் அதிக யோசனைகள் கிடைக்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதற்குள் வந்த சொல் போய்விடுகிறது. அதனால் முதல் பத்து நிமிடம் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு எழுதுவதே நல்லது. குழுவின் வேலை அதற்குப் பின்னால்தான்.

அந்த வேலை என்னவென்றால், எழுதியவருக்குக் கேட்காததைக் கேட்பது. ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் 1990-ல் செய்த சோதனையில், எல்லோருக்கும் தெரிந்த பாட்டின் தாளத்தை மேசையில் தட்டினார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, வெளியே வருவது வெறும் டொக் டொக். வரி எழுதுபவரும் அப்படித்தான் தன் வரியைத் தானே கேட்டுக்கொள்கிறார்.

தமிழில் இது இன்னும் ஆபத்து. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மெட்டு நீளும் இடத்தில் குறிலை வைத்தால் சொல்லே மாறிவிடுகிறது. ‘மலை’ என்று எழுதியவர் பாடும்போது ‘மாலை’ என்று கேட்கும், ‘வடை’ என்பது ‘வாடை’ ஆகும். எழுதியவருக்கு மலைதான் கேட்கும், சத்தியமும் செய்வார். எதிரில் இருக்கும் ஐந்து பேருக்கும் அந்தி சாய்ந்துவிடும். வீட்டில் ஆங்கிலம் அதிகம் புழங்கும் இளையர்கள் இந்த இடத்தில் தயங்குவதுண்டு. ஆனால் தாளத்தோடு பாடும்போது ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை என்பது விதியாக இல்லாமல் கைத்தட்டாக வந்துவிடுகிறது.

உச்ச ஸ்தாயியில் எந்த உயிரெழுத்து என்பதும் இயற்பியல்தான். நாக்கும் வாயும் அமையும் விதத்தில் ஒவ்வொரு உயிரொலிக்கும் சில அதிர்வெண்கள் ஓங்கி ஒலிக்கும். ‘ஈ’, ‘ஊ’ இரண்டுக்கும் அவற்றில் முதலாவது சுமார் 300-லிருந்து 400 அதிர்வுக்குள் இருக்கும். ‘ஆ’வுக்கு 700-க்கும் மேல். 5 கட்டையில் பாடும் பெண்ணின் மேல் ‘ஸ’ 392 அதிர்வு. அந்த உயரத்துக்கு மேல் ‘ஈ’ என்று இழுக்கச் சொன்னால், ஒலியைக் காப்பாற்ற அவர் வாயைத் திறந்தாக வேண்டும்; திறந்தால் ‘ஈ’ மெல்ல ‘ஏ’ பக்கம் போய்விடும். ‘தந்தன தானா’வின் கடைசி ‘னா’ உச்சத்தில் நிற்கிறது என்றால், ‘சந்தையி னோரம்’ சந்தத்துக்குப் பொருந்தினாலும் பாடுபவர் ‘ம்’மில் வாயை மூட நேரும். ‘அம்மழை நீயா’ என்றால் ‘ஆ’வில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். ‘ம்’, ‘ன்’, ‘ல்’ போன்ற மெல்லின, இடையின மெய்களையாவது மெல்லிசாக இழுக்கலாம். ‘க்’, ‘ட்’, ‘ப்’ போன்ற வல்லினத்தில் காற்று அடைபட்டு ஒலி நின்றே போகும். மெட்டுக்கு எழுதிப் பழகியவர்கள் இதையெல்லாம் கணக்குப் போடாமலே செய்வார்கள். புதியவருக்கு, தான் எழுதிய வரியை இன்னொருவர் பாடித் திணறுவதைப் பார்ப்பதே பாடம்.

முன்பின் தெரியாதவர்கள் முன்னால் அரைகுறை வரியைப் பாட வெட்கமாக இருக்காதா? இருக்கும், ஆனால் சீக்கிரம் போய்விடும். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் பாட்டு, கைவினை, படைப்பெழுத்து என மூன்று வகை வயதுவந்தோர் கல்வி வகுப்புகளை ஏழு மாதம் கவனித்து 2015-ல் எழுதினார்கள். முடிவில் எல்லா வகுப்பும் ஒரே அளவு நெருங்கியிருந்தது. ஆனால் பாட்டு வகுப்பில் அந்த நெருக்கம் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் சீன மாணவர்கள் கிட்டாரோடு சிறு குழுக்களாக உட்கார்ந்து சொந்தப் பாட்டு எழுதத் தொடங்கியதுதான் சின்யாவ் என்ற இயக்கமாக வளர்ந்தது. தமிழில் அப்படி ஒரு அலை எழவில்லையே என்ற ஏக்கம் எனக்கு உண்டு, அது வேறு கதை.

சிறு குழுவுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. வாத்தியம் இல்லாமல் சேர்ந்து பாடும்போது ஒவ்வொருவரும் பக்கத்துக் குரலைப் பிடித்துக்கொள்வதால், எல்லோரும் சேர்ந்தே மெல்ல நழுவுவார்கள், பெரும்பாலும் கீழே. ஒருவருக்கொருவர் சரியாகத்தான் சேர்ந்திருப்பார்கள், அதனால் யாருக்கும் தெரியாது. நான்காவது சரணம் முடிந்ததும் கைப்பேசியில் தம்புராவைப் போட்டுப் பார்த்தால் அரைக் கட்டை இறங்கியிருக்கும். பாட்டு முழுக்கத் தம்புரா ஓடினால் இது நடக்காது. கைப்பேசியை வழிநடத்துபவரின் மடியில் வைத்துக்கொள்ளாமல் வட்டத்தின் நடுவில் வையுங்கள். தங்கள் குரலை மூழ்கடிக்காமல் எல்லோருக்கும் மெல்லக் கேட்கும் அளவில் இருந்தால் போதும்.