ரோச் மீனுக்கு வயிறு கிடையாது, ஆனா காது பலம்

வட அயர்லாந்துல ஃபெர்மனாங்கிற பகுதியில எனிஸ்கில்லன்னு ஒரு ஊர் இருக்கு. ரெண்டு பெரிய ஏரிக்கு நடுவுல, எர்ன் ஆறு பிரிஞ்சு சுத்தி ஓடுற ஒரு தீவு மேல தான் பழைய ஊரே இருக்கு. தென்கிழக்க மேல் எர்ன் ஏரி, வடமேற்க கீழ் எர்ன் ஏரி. மேப்ல பாத்தா கீழ இருக்கிறது மேல் எர்ன், மேல இருக்கிறது கீழ் எர்ன், ஆறு தெற்க இருந்து வடக்க ஓடுறதால வந்த வினை. மேல் எர்ன் பெருசா ஆழம் இல்லாத, தீவும் நாணலுமா சிதறிக் கிடக்குற தண்ணி. கீழ் எர்ன் 100 சதுர கிலோமீட்டருக்கு மேல விரிஞ்சு, சில இடத்துல 60 மீட்டர் ஆழம் வரைக்கும் போகும், காத்து அடிச்சா கடல் மாதிரி அலை வரும்.

இவ்வளவு தண்ணி இருக்கும்போது, குளிர்காலக் கடைசியிலயும் வசந்தத்துலயும் ரோச் மீன் கூட்டம் கூட்டமா வந்து நிக்கிற ஒரு இடம் எதுன்னா ஊருக்கு நடுவுல ஓடுற ஆறு. பிராட்மெடோன்னு ஒரு கரை, பக்கத்துலயே ஸ்போர்ட்ஸ் சென்டர், கார் பார்க்கிங், ஆள் நடமாட்டம். அந்தக் கரையில வரிசையா உக்காந்து தூண்டில் போடுவாங்க. 1970, 80கள்ல இங்க நடந்த போட்டிகள்ல அஞ்சு மணி நேரத்துல ஒரே ஆள் 200 பவுண்டுக்கு மேல, அதாவது 90 கிலோவுக்கு மேல பிடிச்ச கணக்கெல்லாம் இருக்கு. அதுவும் ஒவ்வொண்ணும் நூறு, இருநூறு கிராம் தேறுற மீன்! நிமிஷத்துக்கு ஒண்ணுக்கும் மேல ஏத்தினா தான் அந்தக் கணக்கு வரும்.

ரோச் நம்ம ஊர் கெண்டை குடும்பம் தான். வெள்ளி உடம்பு, சிவப்புத் துடுப்பு, கண்ணும் சிவப்பு. சால்மன், ட்ரவுட் தவிர மத்த நன்னீர் மீனுங்களை தூண்டில்ல பிடிக்கிறதை அங்க கோர்ஸ் ஃபிஷிங்னு சொல்றாங்க, பெரும்பாலும் பிடிச்சு எடை போட்டு திரும்ப விட்டுர்றது தான் வழக்கம், கறிக்கு இல்ல. இதுல ஒரு விஷயம், ரோச் அயர்லாந்து மீனே கிடையாது. 1889ல தெற்க கார்க் பக்கம் பிளாக்வாட்டர் ஆத்துக்குள்ள வந்து சேந்துச்சு, பைக்குங்கிற வேட்டை மீனைப் பிடிக்க உயிர் இரையா இங்கிலாந்துல இருந்து கொண்டு வந்தது தப்பிச்சு போனது தான்னு சொல்றாங்க. ரொம்ப வருஷம் அந்தப் பக்கமே கிடந்துட்டு, 20ஆம் நூற்றாண்டோட பிற்பாதியில தூண்டில்காரங்க வாளியிலயே ஊர் ஊரா பரவி எர்னுக்கும் வந்துருச்சு. வந்து கொஞ்ச வருஷத்துல ஏற்கனவே இருந்த ரட் மீனை ஓரம் கட்டிருச்சு, பிரீம் மீனோட கலந்து கலப்பு மீனும் ஏகத்துக்கும் பெருகிருச்சு.

சரி, ஏரியை விட்டுட்டு ஏன் ஆத்துக்கு வருது? வசந்தத்துல வர்றதுக்கு காரணம் முட்டை. தண்ணி 14, 15 டிகிரி பக்கம் வந்ததும் ஓடுற ஆழம் குறைஞ்ச இடம் பாத்து, செடி மேலயும் கல்லு மேலயும் முட்டை ஒட்டும், ஆண் மீன் தலையில வெள்ளை வெள்ளையா சின்ன முள் மாதிரி மொளைச்சு தொட்டா சொரசொரன்னு இருக்கும். ஆனா முட்டை போடுறதுக்கு பல வாரம் முன்னாடியே, கடுங்குளிர்லயே ஆறு, வாய்க்கால்னு ரோச் நகர்றதுக்கு முட்டை காரணமா இருக்க முடியாது. இதை ஸ்வீடன், டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் ரொம்ப அழகா பிரிச்சு பாத்திருக்காங்க. ரோச் உடம்புக்குள்ள அரிசி அளவு சிப் வச்சு, ஏரியில இருந்து வாய்க்கால் பிரியுற இடத்துல ஆன்டெனா போட்டு, எது எப்போ போகுது எப்போ வருதுன்னு வருஷக் கணக்கா பதிவு பண்ணாங்க.

அவங்க சொல்றது ரெண்டு செலவுக்கு நடுவுல நடக்கிற பேரம். வெயில் காலத்துல ஏரியில தீனி நிறைய, ரோச்சைத் தின்னுற மீனும் நிறைய, ஆனா வளர்ச்சி வேகமா இருக்கிறதால அந்த ரிஸ்க்கை எடுக்கலாம். குளிர்காலத்துல ஏரியில தீனி படுத்துரும், தண்ணி குளிர்ந்தா மீனோட உடம்பே மந்தமாகி பசியும் குறையும், ஆனா பைக்கும் நீர்க்காகமும் பசியோட அங்கயே இருக்கும். அப்போ ஏரியில இருக்கிறதுல லாபம் இல்ல, ஆபத்து மட்டும் தான். ஆறும் வாய்க்காலும் தீனி குறைச்சலான இடம், ஆனா வேட்டையும் குறைச்சல். அதனால கிளம்பிரும். இதுலயும் எல்லாம் போறதில்ல, ஒரு பகுதி ஏரியிலயே தங்கிரும். நல்லா தின்னு கொழுத்தது தான் அதிகமா கிளம்புது, ஒல்லியானது பின்தங்கிருது, ஏன்னா தீனி இல்லாத இடத்துல குளிர்காலத்தை ஓட்ட கையில சேமிப்பு வேணும். தைரியசாலி மீன் அதிகமா போகுதுன்னும் சோதிச்சு காட்டியிருக்காங்க. அப்படிப் போனதுங்க நீர்க்காகத்துக்கு இரையாகுறது குறைவுங்கிறதையும் பாத்துட்டாங்க.

எர்னும் அந்த ஏரிங்களும் ஒண்ணு கிடையாது, ஆனா மீன் அதே மீன். எனிஸ்கில்லன் கரையில குளிர்ல ஒரு ரோச் கடிச்சா, அது நல்லா சாப்பிட்டு வந்த ஒண்ணா இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போ தூண்டில் பக்கம் வருவோம். கெண்டை குடும்பத்துக்கே வயிறுன்னு ஒரு பை கிடையாது, வாய்ல போனது தொண்டையில அரைபட்டு நேரா குடலுக்கு போயிரும். பைக் மாதிரி ஒரு பெரிய மீனை முழுங்கிட்டு நாள் கணக்கா கிடக்க இதால முடியாது, கொஞ்சம் கொஞ்சமா கொறிச்சுக்கிட்டே இருக்கணும். தூண்டில்காரங்க தீனி போடுற முறையே இதுல இருந்து வந்தது தான். மொத்தமா கொட்டினா கூட்டம் தின்னு நிறைஞ்சு மந்தமாயிரும், கொட்டாம விட்டா அடுத்த ஆள் பக்கம் போயிரும். அதனால ஒரு பிடி ஈப்புழு, ஒரு பிடி ரொட்டித்தூள், ஒவ்வொரு தடவையும். ரொட்டித்தூளை ஈரம் பண்ணி சல்லடையில தேச்சு சலிப்பாங்க, அது தண்ணிக்குள்ள வயிறு நிரப்பாத புகையா கரைஞ்சு இறங்கும், அந்த வாசனையும் மங்கலும் மீனை இழுக்கும், தின்ன கிடைக்கிறது என்னவோ நடுவுல இருக்கிற சில புழு தான். வேகவச்ச கஞ்சா விதையும் போடுவாங்க, ஓடு வெடிச்சு வெள்ளையா குருத்து எட்டிப் பாக்குற பதத்துல. போதை எல்லாம் இல்ல, அந்த விதையில கிக் ஏத்துற சரக்கே கிடையாது, ரோச்சுக்கு சும்மா ருசி.

தொண்டைன்னு சொன்னேன் இல்லையா, ரோச்சுக்கு பல் இருக்கிறதே அங்க தான், வாயில ஒரு பல் கூட கிடையாது. கேஸ்டர்னு ஒரு இரை இருக்கு, ஈப்புழு கூட்டுப்புழுவா மாறி பழுப்பு நிற ஓடு போட்ட நிலை. அதை தூண்டில் முள்ல கோத்து போட்டா தக்கை ஒரு நூல் கூட அசைஞ்சிருக்காது, ஆனா எடுத்துப் பாத்தா உள்ள இருந்த சாறு எல்லாம் போயி நசுங்கின வெறும் ஓடு மட்டும் முள்ல தொங்கும். ரோச் வந்து உறிஞ்சி, நசுக்கி, துப்பிட்டு போயிருக்கு. இந்தத் திருட்டைப் பிடிக்கத் தான் தக்கையில அவ்வளவு நுணுக்கம். தூண்டில் நரம்புல சின்னச் சின்ன ஈயக்குண்டு சேத்துக்கிட்டே போயி, தக்கையோட மெல்லிசான நுனி மட்டும் ஒரு சில மில்லிமீட்டர் வெளிய தெரியுற மாதிரி நிறுத்துவாங்க. தக்கையை அமுக்கிறதுக்கு எவ்வளவு விசை வேணும்னா, வெளிய மிச்சம் இருக்கிற கன அளவு தண்ணியோட எடை தான், ஆர்க்கிமிடிஸ் கணக்கு. தடியான தக்கை ஒரு சென்டிமீட்டர் வெளிய நின்னா ரோச் அந்தப் பாரத்தை உணர்ந்து துப்பிரும், ஊசி நுனி மட்டும் நின்னா ஒரு கிராம்ல சின்னப் பங்கு இழுத்தாலே உள்ள போயிரும்.

ஆறுன்னா இன்னொரு கணக்கும் சேரும். புழு நொடிக்கு 10 சென்டிமீட்டர் இறங்குது, ஆழம் 4 மீட்டர், ஓட்டம் நொடிக்கு 20 சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம், அடி சேர 40 நொடி ஆகும், அதுக்குள்ள ஓட்டத்தோட 8 மீட்டர் கீழ்ப்பக்கம் போயிருக்கும். கைக்கு நேரா வீசிட்டு அதே இடத்துல முள்ளைப் போட்டா, மீன் எல்லாம் எட்டு மீட்டர் தள்ளி பக்கத்து ஆளுக்கு முன்னாடி விருந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கும். அதனால எர்ன்ல ஃபீடர் ரொம்ப பிரபலம், கம்பி வலைக் கூண்டு ஒண்ணுல ரொட்டித்தூளும் புழுவும் அடைச்சு ஈயப் பாரத்தோட அடிக்கு அனுப்புறது. தீனி அடியிலயே கரையும், முள் அதுக்கு அரை மீட்டரோ ஒரு மீட்டரோ கீழ்ப்பக்கம் கிடக்கும். ரீல்ல நரம்பை ஒரு கிளிப்புல மாட்டிட்டா ஒவ்வொரு வீச்சும் அதே தூரத்துல நிக்கும், எதிர்க்கரையில ஒரு மரத்தைக் குறி வச்சுட்டா திசையும் மாறாது. அப்புறம் கோலோட மெல்லிசான நுனியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கிறது தான் வேலை, அது துடிக்கும், சில நேரம் வளைஞ்சிருந்தது திடீர்னு தளர்ந்து நிமிரும், மீன் பாரத்தை நம்ம பக்கமா நகத்தியிருக்குன்னு அர்த்தம்.

காது விஷயம் இது. கெண்டை வகையறாவுக்கு காத்துப்பைக்கும் உள்காதுக்கும் நடுவுல குட்டி எலும்புங்க சங்கிலியா கோத்திருக்கு. காத்துப்பை தண்ணியில வர்ற அதிர்வுக்கு ஏத்தபடி சுருங்கி விரியும், எலும்புங்க அதைக் காதுக்கு கடத்தும். பெர்ச், சால்மன் எல்லாம் சில நூறு ஹெர்ட்ஸ் வரைக்கும் தான் கேக்கும், இதுங்க ஆயிரக்கணக்குல கேக்கும். கரையில பெட்டியை டமால்னு வச்சா கூட்டம் விலகிரும்னு பெருசுங்க சொல்றது மூட நம்பிக்கை இல்ல. அதே காது தான் புழு தண்ணியில விழுற சலசலப்பையும் கேட்டு வர வைக்குதுன்னு பல பேர் நம்புறாங்க, எனக்கும் அது சரின்னு தான் படுது. இன்னொண்ணு, 1938ல கார்ல் வான் ஃப்ரிஷ், தேனீ நடனத்தை புரிஞ்சுக்கிட்டு பின்னால நோபல் வாங்கினாரே அவர் தான், கெண்டை வகை சின்ன மீன் ஒண்ணுல தோல் காயப்பட்டா தண்ணியில ஒரு ரசாயனம் கசியுது, அது பட்டதும் கூட்டம் மிரண்டு ஓடுதுன்னு கண்டுபிடிச்சார். முள்ல இருந்து நழுவின மீனுக்கு அப்புறம் சில நேரம் கடி அப்படியே நின்னு போறதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

அந்த 200 பவுண்டு காலம் இப்போ இல்ல. ஷானன் ஆத்தையும் எர்னையும் சேக்குற பழைய கால்வாயை 1994ல திரும்ப திறந்தாங்க, படகு போக்குவரத்து கூடுச்சு. 1990களோட பிற்பாதியில எர்ன் ஏரியில ஸீப்ரா மட்டி தென்பட்டுச்சு, கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட விரல் நகம் அளவு மட்டி, படகோட அடியில ஒட்டிக்கிட்டே ஊர் மாறுற ஜாதி. ஒரு மட்டி ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணி வரைக்கும் வடிகட்டும், கோடிக்கணக்குல சேந்ததும் தண்ணியில மிதந்த பாசி குறைஞ்சு ஏரி தெளிஞ்சு போச்சு. பாக்குறவங்களுக்கு நல்ல செய்தி, ரோச்சுக்கு இல்ல. கலங்கின, சத்து மிகுந்த தண்ணியில மிதவை உயிரிங்களை பொறுக்கித் தின்னுறதுல ரோச்சை அடிச்சுக்க ஆள் இல்ல, தெளிஞ்ச தண்ணியில கண்ணால வேட்டையாடுற பெர்ச்சுக்கு கை ஓங்கிரும். கீழ் எர்ன்ல அப்படியே நடந்துச்சு, ரோச் குறைஞ்சுச்சு, பெர்ச் கூடுச்சு. பகல்ல நாணல் ஓரமா பதுங்கி இருட்டினதும் வெளிய வர்ற பழக்கம் ரோச்சுக்கு ஏற்கனவே உண்டு, தண்ணி தெளியத் தெளிய பகல் கடி இன்னும் மோசமாகும், அதனால இப்போ மெல்லிய நரம்பு, கரையை விட்டு தள்ளி வீசுறது, சாயங்காலக் கடைசி வெளிச்சம், மழைக்குப் பிறகு பழுப்பா ஓடுற ஆறுன்னு பாத்துப் போகணும்.

வளர்ந்த ரோச் அந்தத் தொண்டைப் பல்லால சின்ன ஸீப்ரா மட்டியை நசுக்கித் தின்னும், அதுக்கு புது தீனி கிடைச்ச மாதிரி தான். ஆனா அந்த அளவுக்கு வளர்றதுக்கு முன்னாடி குஞ்சா இருக்கிற காலத்தை மிதவை உயிரிங்களை வச்சுத் தான் ஓட்டணும், அதுங்களுக்கு தீனியான பாசியைத் தான் மட்டி வடிகட்டி எடுத்துக்கிட்டிருக்கு.