இக்காவோ லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது

திருமணமாகி மலேசியாவில் கிள்ளானுக்குக் குடிவந்த ஒரு தம்பி போன வாரம் என்னைப் பார்க்க வந்தார். தமிழ்நாட்டுக்காரர். அங்கே ஏ320 விமானத்தில் துணை விமானியாக இருந்தவர், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறார். "என்னுடையது இக்காவோ லைசென்ஸ்தானே அண்ணா, இங்கே காட்டினால் போதும் என்றார்கள்" என்றார். அப்படிச் சொன்ன ஏஜெண்ட் பணத்தையும் வாங்கிக்கொண்டார். மாதங்கள் ஓடியதில் கருவிப் பறத்தல் தகுதி (வெளியே எதுவும் தெரியாதபோது கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான அனுமதி) காலாவதியாகிவிட்டது, மருத்துவச் சான்றும் முடியப் போகிறது. மனைவியின் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது.

கோலாலம்பூரில் விமானிகளுக்கு சிமுலேட்டர் பயிற்சி கொடுக்கிறவன் நான். இதே கதையை வேறு வேறு முகங்கள் சொல்லிக் கேட்டுவிட்டேன். கெட்டிக்காரப் பிள்ளைகள், யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீணாகிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த "இக்காவோ லைசென்ஸ்". இக்காவோ யாருக்கும் லைசென்ஸ் கொடுப்பதில்லை. அது (ICAO) மொன்றியலில் தலைமையகம் வைத்திருக்கும், விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் சேர்ந்த அமைப்பு. விமானிக்குக் குறைந்தபட்சம் என்ன தகுதி வேண்டும் என்று அது வரையறுக்கும். வணிக விமானி லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்த அனுபவம், அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சியில் படித்தவருக்கு 150, பெரிய பயணிகள் விமானத்தில் கேப்டனாகத் தேவைப்படும் ஏடிபிஎல் லைசென்ஸுக்கு 1,500 என்பதெல்லாம் அங்கிருந்து வருபவை. லைசென்ஸைக் கொடுப்பது நாடு. அதற்கென்று இருக்கும் விமானப் போக்குவரத்து ஆணையம் இந்தியாவில் டிஜிசிஏ, இங்கே சிஏஏஎம்.

1944 டிசம்பரில் சிக்காகோவில் கையெழுத்தான ஒப்பந்தத்தைப் பாருங்கள். அதன் 32ஆவது பிரிவு சொல்வது இதுதான்: விமானம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாடு கொடுத்த அல்லது செல்லும் என்று ஏற்ற லைசென்ஸ்தான் அதை ஓட்டுபவரிடம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட லைசென்ஸை மற்ற நாடுகள் ஏற்க வேண்டும் என்கிறது 33ஆவது பிரிவு. இந்த இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டுதான் "உலகம் முழுக்கச் செல்லும்" என்கிறார்கள்.

சென்னையிலிருந்து ஓர் இந்திய விமானம் கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏவில் வந்து இறங்குகிறது. அதன் உடலில் 'விடி' என்று தொடங்கும் பதிவெண் இருக்கும். உள்ளே இருப்பவர்கள் இந்திய லைசென்ஸ் வைத்திருப்பவர்கள். நம் வானத்தில் அவர்கள் பறக்கத் தடையில்லை. அதே விமானி இறங்கி நடந்து, பக்கத்தில் '9எம்' பதிவெண்ணோடு நிற்கும் இன்னொரு ஏ320இல் ஏறி உட்கார்ந்தால், சட்டப்படி அவர் அதை ஓட்ட முடியாது. இரண்டும் ஒரே ரக விமானம், அதே பொத்தான்கள், அதே நடைமுறைகள். ஆனாலும் முடியாது. லைசென்ஸ் பதிவெண்ணோடு போகிறது, வானத்தோடு அல்ல. இதை மட்டும் மனதில் ஏற்றிக்கொண்டால் ஏஜெண்ட் சொல்வதில் பாதி தானாகக் கழன்றுவிடும்.

இங்கே வந்து ஓட்ட இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உங்கள் பழைய லைசென்ஸைச் சில காலத்துக்கு மட்டும் செல்லும் என்று சிஏஏஎம் ஏற்பது. பழையது காலாவதியானால் இதுவும் கூடவே போய்விடும். வழக்கமாக ஒரு நிறுவனம் ஒருவரை வேலைக்கு எடுத்த பிறகு அவருக்காகக் கேட்டு வாங்குவது இது. வேலை தேடிக்கொண்டிருப்பவர் தானாகப் போய் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம். இன்னொன்று முழு மாற்றம். தேர்வுகள், இங்குள்ள விமான மருத்துவரிடம் முதல் வகுப்பு (வணிக விமானிகளுக்கான) மருத்துவப் பரிசோதனை, பறத்தல் சோதனை, அப்புறம் மலேசிய லைசென்ஸ். எந்தெந்தத் தேர்வு என்பது உங்கள் அனுபவத்தைப் பொறுத்தது. அதை ஏஜெண்டிடம் கேட்காதீர்கள், சிஏஏஎம்மிடம் எழுத்தில் கேளுங்கள்.

சரி, லைசென்ஸ் மாறிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வேலை செய்யும் உரிமை? கணவன், மனைவி என்ற முறையில் கிடைக்கும் விசா, தங்குவதற்கான அனுமதி. வேலைக்கு அனுமதி தனியாக வாங்க வேண்டும். குடிநுழைவுத் துறையில் இதைத் தெளிவாக்காமல் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏராளம்.

இங்கே படித்து முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். மூன்று லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் செலவழித்திருக்கிறார்கள். அப்பா ஈபிஎஃப் சேமநிதியில் இருந்ததை எடுத்திருப்பார், வீட்டின் மேல் கடன் வாங்கியிருப்பார். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது தேங்கிய வரிசை அது. 200 மணி நேரத்தோடு வெளிநாட்டிலிருந்து வருகிறவருக்கு அந்த வரிசையில் முன்னுரிமை கிடைக்காது. பல ஆயிரம் மணி நேர ஜெட் அனுபவத்தோடு வரும் கேப்டனின் கதை வேறு.

வரிசையைத் தாண்டலாம் என்று சொந்தக் காசில் ஏ320 டைப் ரேட்டிங் (அந்த ரக விமானத்தை ஓட்டுவதற்கான தனித் தகுதி) வாங்குகிறார்களே, அவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், செய்யாதீர்கள். புதியவர்களுக்கு சிமுலேட்டர் பயிற்சியோடு முடிந்துவிடாது. உண்மையான விமானத்தைக் கிளப்பி, தரையிறக்கிக் காட்டவும் வேண்டும். அந்த விமானத்தை யார் தருவார்கள்? பெரும்பாலும் வேலை கொடுக்கும் நிறுவனம்தான். வேலை இல்லாமல் வாங்கிய ரேட்டிங், அடுத்த தகுதிச் சோதனைக்கும் உங்கள் காசையே கேட்கும்.

இங்கிருந்து வெளியே போக நினைக்கும் மலேசியப் பிள்ளைகளுக்கும் இதே கணக்குதான். ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போவதானால் முதல் கேள்வி அங்கே வேலை செய்யும் உரிமை உண்டா என்பது. மணி நேரம் இரண்டாவது. அமெரிக்காவில் 2013 முதல் பயணிகள் விமானத் துணை விமானிக்கே ஏடிபி சான்று (ஏடிபிஎல்லுக்கு அங்குள்ள பெயர்) வேண்டும். அதற்குப் பொதுவாக 1,500 மணி நேரம். பிரிட்டிஷ் லைசென்ஸ் எடுத்தால் ஐரோப்பா முழுக்கப் பறக்கலாம் என்று இன்னமும் பினாங்கில் ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டிஷ் லைசென்ஸும் ஐரோப்பிய லைசென்ஸும் தனித்தனி. வளைகுடா நிறுவனங்கள் விசாவைத் தாங்களே ஏற்பாடு செய்யும், ஆனால் துணை விமானிக்கும் அனுபவம் கேட்கும்.

வேலையை விடுவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். போகும் நாட்டின் முதல் வகுப்பு மருத்துவத்தை முதலில் முடியுங்கள். நம் ஆட்களுக்கு சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சீக்கிரம் எட்டிப் பார்க்கின்றன. அதைக் கட்டணமெல்லாம் கட்டிய பிறகு தெரிந்துகொள்வது கொடுமை. பறத்தல் குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நிறுவனத்தின் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். கடைசி சிமுலேட்டர் சோதனைத் தாள், பயிற்சிப் பதிவுகள், சேவைச் சான்று எல்லாவற்றையும் வேலையில் இருக்கும்போதே நகல் எடுங்கள். இந்தியாவின் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்தியது, இங்கே மைஏர்லைன் 2023 அக்டோபரில். ஒரு நிறுவனம் நின்றுபோன பிறகு கையெழுத்துப் போட ஆளைத் தேட முடியாது. உங்கள் லைசென்ஸ் உண்மையானதுதான் என்று பழைய நாட்டின் ஆணையம் புதிய நாட்டின் ஆணையத்துக்கு நேரடியாக உறுதிப்படுத்த வேண்டியிருக்கும். அதற்கு நாளாகும், அங்கே இருக்கும்போதே தொடங்குங்கள். முக்கியமாக, பழைய லைசென்ஸைச் சாகவிடாதீர்கள். மாற்றத்துக்கு அடிப்படையே அதுதான்.

"கேப்டன் சீட் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் பதில்கூடப் போடாதீர்கள். வேலை கொடுப்பதற்காக உங்களிடம் கட்டணம் கேட்பவர் விமான நிறுவனத்தின் ஆளாக இருக்க மாட்டார்.

ஏற்கெனவே வந்து மாட்டிக்கொண்டவர்களுக்கு: வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். கையில் இருக்கும் பணத்தை முதலில் மருத்துவச் சான்றைப் புதுப்பிக்கவும், இரண்டாவதாகக் கருவிப் பறத்தல் தகுதியை மீட்கவும் ஒதுக்குங்கள். தேர்வுக் கட்டணம் அதற்கு அடுத்தது. வேலை அனுமதி வாங்கியிருந்தால், பறத்தல் பள்ளிகளில் தரைப்பாடம் எடுக்க ஆள் தேவையா என்று விசாரியுங்கள். அந்த வகுப்பறைகளில்தான் இந்த ஊர்ப் பயிற்றுநர்களின் பழக்கம் கிடைக்கும், எந்த நிறுவனம் எப்போது ஆள் எடுக்கப் போகிறது என்ற செய்தியும் முதலில் அங்கேதான் வரும்.