கிரேடு பதினொன்று என்று எதுவும் இல்லை

போன மாதம் ஒரு சனிக்கிழமை மாலை. ரிப்போர்ட் வாங்கிப் போய் ஒரு மணி நேரம்கூட ஆகாத பெரியவர் ஒருவர் மறுபடி படியேறி வந்தார். மாஸ்டர் ஹெல்த் செக்கப்புக்கு வந்தவர். கையில் கவர், நெற்றியில் வியர்வை. "டாக்டரம்மா, ஈரல்ல பதினொண்ணாவது கிரேடு கொழுப்புன்னு போட்டிருக்கீங்களே, மொத்தம் எத்தனை கிரேடும்மா? பத்தைத் தாண்டிட்டேனா?"

நான் எழுதியிருந்தது கிரேடு இரண்டு. ரோமன் எண்ணில் இரண்டு குச்சி. எங்கள் ரிப்போர்ட்டின் எழுத்துருவில் அந்தக் குச்சிகளுக்குத் தலையிலும் கோடில்லை, காலிலும் கோடில்லை. யார் பார்த்தாலும் பதினொன்றுதான். அவர் மேல் தப்பே கிடையாது.

நம்மில் பலருக்கு ரோமன் எண் பரிச்சயமானது பிள்ளைகளின் ஸ்கூல் ஐடி கார்டில். பன்னிரண்டாம் வகுப்போடு அதன் வேலை முடிந்துவிடும். அப்புறம் அது திரும்ப எதிர்ப்படுவது மெடிக்கல் ஃபைலில், அதுவும் மனசு படபடத்துக்கொண்டிருக்கும்போது.

மொத்தம் ஏழே எழுத்து. ஐ ஒன்று, வி ஐந்து, எக்ஸ் பத்து, எல் ஐம்பது, சி நூறு, டி ஐந்நூறு, எம் ஆயிரம். பெரிய எழுத்துக்கு வலப்பக்கம் சின்னது நின்றால் கூட்ட வேண்டும், இடப்பக்கம் நின்றால் கழிக்க வேண்டும். வி-ஐ ஆறு, ஐ-வி நாலு. நம் பழைய தமிழ் எண்களிலும் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் உண்டு. ௰௩ என்றால் பதின்மூன்று, ௩௰ என்றால் முப்பது. இடப்பக்கம் வந்ததை நம்மவர்கள் பெருக்கினார்கள், ரோமானியர்கள் கழித்தார்கள். எனக்கு இது பிடிபட்ட பிறகு ரோமன் எண் மறந்ததே இல்லை.

எழுதுவதில்தான் பலரும் வழுக்குகிறார்கள். ஒரே எழுத்தை மூன்று முறைக்கு மேல் அடுக்குவதில்லை. (நாலு மணிக்கு நாலு குச்சி போட்ட கடிகாரம் உங்கள் வீட்டுச் சுவரிலேயே தொங்கலாம். அது கடிகாரக்காரர்களின் தனி வழக்கம்.) வி, எல், டி மூன்றும் ஒரு தடவைதான் வரும், கழிப்பதற்கும் நிற்காது. கழிப்பதற்கும் வரம்பு உண்டு. ஐ என்பது வி, எக்ஸ் இரண்டுக்கு முன்னால் மட்டும். எக்ஸ் என்றால் எல், சி இரண்டுக்கு முன்னால். சி என்றால் டி, எம் இரண்டுக்கு முன்னால். அதனால் 49 என்பது எக்ஸ்-எல்-ஐ-எக்ஸ். நாற்பது தனி, ஒன்பது தனி. ஐம்பதில் ஒன்று குறைவுதானே என்று ஐ-எல் போட முடியாது.

ரிப்போர்ட் படிக்க இவ்வளவுகூட வேண்டாம். அங்கே வரும் கிரேடு, ஸ்டேஜ் பெரும்பாலும் நாலுக்குள் அடங்கிவிடும். ஸ்கேனில் ஃபேட்டி லிவருக்கு மூன்றே கிரேடு. ஒன்றில் ஈரல் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வெளிறித் தெரியும். இரண்டில் உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் ஓரம் மங்கும். மூன்றில் ஈரலுக்குப் பின்னால் இருக்கும் உதரவிதானமே (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) சரியாகத் தெரியாது. மூலத்துக்கு நாலு கிரேடு. புற்றுநோய் ஸ்டேஜும் நாலு வரைதான். பக்கத்தில் ஏ, பி என்று ஒட்டிக்கொண்டு வருவது அதன் உட்பிரிவு. ஆகவே அங்கே மூன்று வரை குச்சியை எண்ணினால் போதும், நாலு மட்டும் ஐ-வி. மூன்று குச்சி நூற்றுப் பதினொன்று ஆகாது.

எண் போலத் தெரிந்து எண்ணாக இல்லாதவையும் உண்டு, நான் அதிகம் விளக்குவது அவற்றைத்தான். "ஐவி கான்ட்ராஸ்ட்" என்று இருந்தால் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்றி ஸ்கேன் எடுத்தோம் என்று பொருள். அதை நாலாவது ஸ்டேஜ் என்று படித்துவிட்டு வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருந்த ஒரு அம்மாவை நானே போய் உட்கார்த்திப் பேசியிருக்கிறேன். முதுகெலும்பு ரிப்போர்ட்டில் வரும் எல் ஐம்பதும் இல்லை, சி நூறும் இல்லை. எல் இடுப்புப் பகுதி, சி கழுத்துப் பகுதி. புற்றுநோய் ரிப்போர்ட்டில் "என்" (N) என்ற ஆங்கில எழுத்துக்குப் பக்கத்தில் எக்ஸ் இருந்தால் பத்து நெறிக்கட்டிகள் என்று அர்த்தமில்லை. நெறிக்கட்டிகளை மதிப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத் தவறையும் சொல்லிவிடுகிறேன். குயினோ என்ற பிரெஞ்சு உடற்கூறு வல்லுநர் 1950களில் ஈரலை எட்டுப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினார். அவற்றை ரோமன் எண்ணில் எழுதுவது இன்றும் வழக்கம். நாலாவது பகுதி பித்தப்பையை ஒட்டி இருக்கும். ஆறாவது வலப்பக்கம் கீழே, சிறுநீரகத்தின் அருகில். நான் முன்பு வேலை பார்த்த ஒரு சென்டரில் ஐ-வி என்று நான் சொன்னது டைப்பிஸ்ட் கையில் வி-ஐ ஆகிவிட்டது. சரியாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டது நான். "படத்துல கட்டி பித்தப்பை பக்கத்துல இருக்கு, நீங்க ஆறுன்னு எழுதியிருக்கீங்களே மேடம்" என்று சர்ஜன் போன் செய்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. அவர் படத்தையும் பார்த்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து நான் எண்ணோடு எழுத்தாலும் எழுதச் சொல்கிறேன்: "பகுதி 4, நான்கு" என்று. செக்கில் தொகை எழுதுகிற மாதிரி.

உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் நீங்களே பேனாவால் திருத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் "கிரேடு 11" என்று டைப் செய்து அண்ணனுக்கும் அனுப்பாதீர்கள். கொடுத்த இடத்திலேயே கேளுங்கள். தப்பு இருந்தால் திருத்தி, கையெழுத்துப் போட்டு, புதிய பிரதி தரச் சொல்லுங்கள்.

பெரியவருக்கும் அன்று அப்படித்தான் புதிதாக ஒரு பிரதி எடுத்துக் கொடுத்தேன், "2" என்று போட்டு. வாங்கிப் பார்த்தவர், "அப்ப ரெண்டுதானா? குறைச்சுடலாமில்ல?" என்றார். உடம்பு எடையைக் குறைத்தால் இதுவும் குறையும் என்றேன். ராத்திரி பரோட்டாவை விட்டுவிடுவதாகச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.