தேய்ப்பதற்கு முன்னால் குழலின் அடியைப் பாருங்கள்

பங்காளிகள் கூடி வீட்டுச் சாமான்களைக் கணக்கெடுக்கும்போது இரண்டாம் கட்டு அறையிலிருந்து ஒரு பழைய துப்பாக்கி வெளியே வரும். மறுநாளே யாராவது அதைப் புளியும் உப்புத்தாளும் போட்டுப் பித்தளைக் குடம் மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கி, அப்புறம் என்னிடம் கொண்டுவந்து "இது எந்த நாட்டுதுன்னு சொல்லுங்க" என்பார்கள். பழைய உலோகப் பொருட்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இது ஓயவே மாட்டேன் என்கிறது, போன வாரமும் ஒன்று வந்தது. ஊரைச் சொல்லும் முத்திரையையே தேய்த்து அழித்துவிட்டால் நான் எதைப் பார்த்துச் சொல்வது?

இதைவிட எரிச்சல், குழலின் மேல் பெரிதாகப் பொறித்த பெயரை வைத்து முடிவு கட்டுவது. அந்தப் பெயர் பெரும்பாலும் விற்ற கடையின் பெயர். சென்னை பி. ஆர் அண்ட் சன்ஸ், கல்கத்தா ரோடா கம்பெனி என்று இருந்தால் அங்கே வாங்கினார்கள் என்று அர்த்தம், அங்கேயே செய்தார்கள் என்று அர்த்தமில்லை. பர்மிங்காம் பட்டறைகள் பெயரே போடாமல் செய்து அனுப்ப, கடைக்காரர்கள் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டார்கள். பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்திலிருந்து மலிவு விலைத் துப்பாக்கிகள் ஏராளமாக வந்தன, பிரபல இங்கிலாந்துப் பெயர்களைக் கொஞ்சம் மாற்றிப் போட்டவையும் அதில் உண்டு. குதிரைக்கு, அதாவது விசையை இழுத்தால் அடிக்கும் சுத்திக்கு, கீழே உள்ள தகட்டில் கிரீடமும் 'டவர்' என்ற சொல்லும் இருந்தால் லண்டன் கோட்டையிலிருந்தே வந்தது, பல லட்சம் பெறும் என்கிறார்கள். அது பிரிட்டிஷ் ராணுவ முத்திரைதான், ஆனால் அதற்கு இருந்த மதிப்பைப் பார்த்து வியாபாரத் துப்பாக்கிகளிலும் அதைப் போட்டார்கள், இன்றைக்கு அலங்காரத்துக்குச் செய்யும் போலிகளிலும் போடுகிறார்கள்.

உண்மையைச் சொல்வது குழலின் அடியில், மருந்து வெடிக்கும் முனைப் பக்கம் இருக்கும் சின்னச் சின்னச் சோதனை முத்திரைகள், குழல் வெடியைத் தாங்குகிறதா என்று செய்த ஊரில் சோதித்துக் குத்தியவை. கிரீடத்துக்குக் கீழே குறுக்காக இரண்டு செங்கோல், கூடவே பி (B), பி (P), சி (C) என்ற எழுத்துகள் இருந்தால் பர்மிங்காம், 1813க்கும் 1904க்கும் இடைப்பட்டது. நீள்வட்டத்துக்குள் ஈ, எல், ஜி இருந்தால் லியேஜ், அதன் மேலே கிரீடமும் இருந்தால் 1893க்குப் பிந்தியது. கிழக்கிந்தியக் கம்பெனியின் துப்பாக்கிகளில் ஏறக்குறைய 1808 வரை நான்காகப் பிரித்த இதயக் குறி, அதன் பிறகு சிங்கம். ரங்கூனிலிருந்து பெரியவர் கொண்டுவந்தார் என்று வீட்டில் சொல்வது உண்மையாகவே இருக்கலாம், அது வந்த வழி, செய்த ஊரை முத்திரைதான் சொல்லும்.

ஆனால் முத்திரையைத் தேடி நீங்களே கட்டையிலிருந்து குழலைக் கழற்றாதீர்கள். வாய் வழியாக மருந்து இடிக்கும் துப்பாக்கியில் நூறு வருஷத்துக்கு முன் போட்ட மருந்தும் ரவையும் இன்னும் உள்ளே இருக்கலாம், ஈரம் படாமல் இருந்தால் அந்தக் கரிமருந்து இன்றும் வெடிக்கும். தயவுசெய்து குழந்தைகள் கையில் கொடுத்துப் படம் எடுக்காதீர்கள். இன்றைய தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பவர்களிடம் பேசவே எனக்குப் பொறுமை இல்லை.

பழசு என்றால் லைசென்ஸ் வேண்டாம் என்பதும் தப்பு. 1959 ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்கு தருவது, பழுது பார்த்தாலும் சுட முடியாத நிலையில் இருக்கும் பழைய ஆயுதத்துக்குத்தான். சரிசெய்தால் சுடும் என்றால் அது துப்பாக்கிதான். லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு பெயரில் விண்ணப்பியுங்கள். பயந்துகொண்டு கிணற்றில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், வேண்டாம்.

அப்புறம், பெட்டகத்தில் இருக்கும் காகிதங்களைத் தேடுங்கள். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் துப்பாக்கியின் வகையும் எண்ணும் எழுதியிருக்கும், கடை ரசீதோ கணக்கு ஏடோ கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆச்சிகளிடம் சொல்லி வையுங்கள், நான் வந்து பார்க்கும்வரை அந்தக் காகிதங்களை எடைக்குப் போட வேண்டாம்.