தமிழில் இணையப் பெயர் பதிவோர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்தில் பழைய மாணவர் சங்கங்களுக்கும் சிறு வணிகர்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் எங்களிடம், முடிவில் ‘டொட் கொம்’ வேண்டாம், ‘.யாழ்’ என்று எடுத்துத் தாருங்கள் எனக் கேட்போர் உண்டு. ஆசை நியாயமானது. ஆனால் அப்படியொரு மேல்நிலைப் பெயர், அதாவது முகவரியின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் பகுதி, இணையத்தில் இல்லை. விற்பதாக எவரேனும் முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

புதிய மேல்நிலைப் பெயர்களை அனுமதிப்பது, உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் (ICANN) நிறுவனம். ஆங்கில எழுத்திலான பெயரில் இலக்கம் வரக்கூடாது. முழுவதும் இலக்கமானால், கணினிகளை இலக்கங்களால் குறிக்கும் ஐபி முகவரியோடு குழம்பிவிடும். ஆங்கில ஈரெழுத்துப் பெயர்கள் ஐஎஸ்ஓ 3166 என்ற சர்வதேசத் தரப் பட்டியலின் நாட்டுக் குறியீடுகளுக்கென ஒதுக்கப்பட்டவை. இலங்கைக்கான எங்கள் ‘எல்கே’ (.lk) அப்படி வந்ததே. ஒரு நகரத்தின் பெயரை அந்த நகரத்துக்காகவே கேட்பவர் உரிய அரசின் ஆதரவுக் கடிதத்தையும் காட்டவேண்டும். 2012ஆம் ஆண்டுச் சுற்றில் விண்ணப்பக் கட்டணமே 185,000 அமெரிக்க டொலர்.

எங்கள் கைக்கு எட்டுவது, 2010இல் சேர்க்கப்பட்ட ‘.இலங்கை’. இங்குதான் கூடுதல் கவனம் வேண்டும். இணையப் பெயரைக் கொண்டு தளம் இருக்கும் இடத்தைத் தேடித்தரும் பெயர்ச் சேவையகங்கள் தமிழ் எழுத்தை நேரடியாகக் கையாளுவதில்லை. ‘பியூனிகோட்’ முறையில் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த கோவையாக அது மாற்றப்படுகிறது. ‘இலங்கை’ என்பது அங்கே 16 குறிகள். புள்ளிகளுக்கு இடைப்பட்ட ஒரு பகுதிக்குரிய 63 குறி என்ற வரம்பும் இந்தக் கோவைக்கே பொருந்துவதால், நீண்ட தமிழ்ப் பெயர்கள் எதிர்பார்ப்பதைவிட விரைவில் வரம்பைத் தொட்டுவிடும்.

இதைவிடச் சிக்கலானது கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. ‘கொ’ என்பதில் ஒகரக் குறியை ஒரே குறியாகவும், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டச்சிடலாம். இவற்றை ஒன்றாக்க, கணினியில் எழுத்துகளுக்கான உலகப் பொதுத் தரமான யுனிகோட்டில் விதி உள்ளது, உலாவிகள் அதைச் செய்துவிடும். ஆனால் ‘ஔவை’ என்பதை ஔகாரம் கொண்டு எழுதுவதும், ஒகரத்தை அடுத்து ளகரம் இட்டு ‘ஒளவை’ என எழுதுவதும் பல எழுத்துருக்களில் ஒன்றுபோலவே தெரிந்தாலும், அந்த விதி அவற்றை ஒன்றாக்குவதில்லை. உங்கள் பெயரைப் போலவே தோன்றும் மற்றதை வேறொருவர் பதிந்து, வாடிக்கையாளரை ஏமாற்ற இடமுண்டு.

ஆகவே பணம் கட்டுமுன் பியூனிகோட் வடிவத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பெயரைக் கைபேசியிலும் கணினியிலும் தட்டச்சிட்டு, இரண்டும் அதே கோவையைத் தருகின்றனவா என்று ஒப்பிடுங்கள். ஔகாரம் இருந்தால் இரு வடிவங்களையும் நீங்களே பதியுங்கள், அல்லது வேறு பெயர் தேடுங்கள். படிவம் வடிவமைக்கும் நண்பர்களோ, முகவரியின் முடிவில் நான்கு ஆங்கில எழுத்துக்கு மேல் வரக்கூடாது என்று சோதிக்கும் பழைய நிரல்வரியை நீக்கிவிடுங்கள், ‘.இலங்கை’ என முடியும் மின்னஞ்சலை அது பிழையெனத் தள்ளிவிடும்.