கிரீன்வாஷிங் என்றால் பச்சைப் பூச்சு

தக்கலைப் பக்கம் எங்கள் ஊர்ப் படிப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் எடுத்தது பசுமைக் கண்டுபிடிப்புகள் பற்றிய ஒரு வாசிப்புப் பகுதி. சூரிய விளக்கு, மூங்கில் சைக்கிள், கடற்பாசியில் செய்த தண்ணீர் உறை எல்லாம் வந்துபோனபின், கடைசிப் பத்தியில் 'கிரீன்வாஷிங்' என்ற சொல் நின்றது. பிரித்துப் பார்த்து அர்த்தம் எழுதுங்கள் என்றேன். பாதிப் பேர் 'பச்சையாகக் கழுவுதல்' என்று எழுதினார்கள். மீதிப் பேர் 'பசுமைச் சலவை'. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி எழுதாமலே கையைத் தூக்கினாள்.

"டீச்சர், அழுக்கத் தொவைக்கியது நல்ல காரியந்தானே? பின்ன என்னத்துக்கு இதுல கம்பெனிக்காரங்கள ஏசுதாவ?"

அவள் கேட்டது அந்தச் சொல்லின் மர்மத்தையே. அன்றைக்கு வகுப்பு முழுக்க இதிலேயே போனது. நானும் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பொருள். ஒரு நிறுவனமோ அரசோ சுற்றுச்சூழலுக்கு உண்மையில் செய்வது கொஞ்சமாக இருக்கும், அல்லது கெடுதலாகவே இருக்கும். ஆனால் வெளியே பார்க்கிறவருக்கு அது இயற்கையின் காவலன் போலத் தெரியும்படி விளம்பரம், நிறம், படம், சொல் எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளும். அதுதான் கிரீன்வாஷிங்.

சரி, அதற்கு ஏன் 'வாஷ்'? இங்கேதான் பிள்ளைகள் சறுக்கினார்கள், பத்திரிகைகளில் மொழிபெயர்க்கிறவர்களும் பல நேரம் சறுக்குகிறார்கள். ஆங்கிலத்தில் 'வாஷ்' என்றால் கழுவுதல் மட்டும் இல்லை. தண்ணீராகக் கரைத்து மேலே இழுக்கிற மெல்லிய வண்ணப் படலத்துக்கும் அதே பெயர்தான். நீர்வண்ண ஓவியர்கள் இன்றும் அப்படித்தான் சொல்வார்கள். 'ஒயிட்வாஷ்' என்பது இந்த வகை. சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிப்பது, அதாவது நம் வெள்ளையடித்தல். 16ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே ஆங்கிலத்தில் இருக்கும் சொல் அது. 18ஆம் நூற்றாண்டில் 'குற்றத்தை மூடி மறைத்தல்' என்ற இரண்டாம் பொருளும் சேர்ந்தது. அந்த வெள்ளையை எடுத்துவிட்டுப் பச்சையைப் போட்டால் கிரீன்வாஷ். அதனால் இதில் அழுக்கு எதுவும் வெளியேறுவதில்லை. அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கிறது, மேலே ஒரு படலம் ஏறுகிறது.

இதை எங்கள் பிள்ளைகளுக்கு விளக்க நான் எங்கேயும் போக வேண்டியிருக்கவில்லை. கடலோர ஊர்களில் கடல் மணல் கலந்து கட்டிய பழைய வீடுகளின் சுவர் எப்படி உப்புப் பூக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். பொங்கலுக்கோ கிறிஸ்துமஸுக்கோ கோயில் கொடைக்கோ முன்னால், சிப்பி நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் நீலப் பொடி கலந்து அடித்துவிட்டால் பார்க்கக் கண்ணைப் பறிக்கும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடி பொருக்குப் பொருக்காய் உதிரும். உப்பு சுவருக்குள் இருக்கிறது, சுண்ணாம்பு சுவருக்கு மேலே இருக்கிறது. "இதேதான் மக்கா" என்றேன். முகங்களில் வெளிச்சம் வந்தது.

அப்படியானால் 'மூளைச்சலவை' மட்டும் எப்படிச் சரி என்று பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். அது சரியான மொழிபெயர்ப்புதான். 'பிரெயின்வாஷ்' என்பது 'மூளையைக் கழுவு' என்ற பொருளுள்ள சீனச் சொல்லிலிருந்து 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் வழியாக ஆங்கிலத்தில் பரவியது. அங்கே உண்மையிலேயே கழுவுதல் நடக்கிறது, இருந்த எண்ணத்தை எடுத்துவிடுகிறார்கள். ஆகவே சலவை பொருந்துகிறது. அந்தச் சொல் காதில் பழகிப்போனதால்தான் 'பசுமைச் சலவை' என்று கை தானாக எழுதிவிடுகிறது. ஒரே 'வாஷ்', ஒன்றில் கழுவல், இன்னொன்றில் பூச்சு. அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் இது பிடிபடாது.

சொல் பிறந்த கதையும் சுவையானது. 1983இல் ஜே வெஸ்டர்வெல்ட் என்ற அமெரிக்க மாணவர் ஆராய்ச்சிக்காக சமோவா போகிற வழியில் ஃபிஜி தீவில் தங்கினார். அங்கே ஒரு கடற்கரை விடுதியில், துண்டைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துங்கள், கடலையும் பவளப் பாறைகளையும் காக்க உதவுங்கள் என்று விருந்தினரைக் கேட்கும் ஒரு அட்டையைப் பார்த்தார். அதே விடுதி அந்த நேரத்தில் கட்டடங்களைக் கட்டி விரிந்துகொண்டிருந்தது. துண்டு துவைக்காவிட்டால் சலவைச் செலவு மிச்சமாவது விடுதிக்கு, பாறையைக் காக்கும் பொறுப்பு மட்டும் விருந்தாளிக்கு. இந்த முரண் அவர் மனதில் தங்கி, 1986இல் எழுதிய ஒரு கட்டுரையில் 'கிரீன்வாஷிங்' என்று பெயர் பெற்றது. கன்னியாகுமரிக்கு வந்து விடுதியில் தங்குகிறவர்களும் இந்த மாதிரி அட்டையைக் குளியலறையில் பார்த்திருக்கலாம். துண்டைத் திரும்பப் பயன்படுத்துவது நல்லதுதான், நானும் செய்கிறேன். அந்த அட்டை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு விடுதி தன்னைப் 'பசுமை விடுதி' என்று சொல்லிக்கொள்வதுதான் வெஸ்டர்வெல்டைக் குத்தியது.

பச்சைக்கு இந்தப் பொருள் வந்ததும் ரொம்பப் பழைய கதை கிடையாது. ஆங்கிலத்தில் 'கிரீன்' என்ற சொல்லும் வளர்தலைக் குறிக்கும் சொல்லும் புல்லைக் குறிக்கும் சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. 1971இல் 'கிரீன்பீஸ்' என்ற சுற்றுச்சூழல் இயக்கம் தொடங்கியது, 1980இல் மேற்கு ஜெர்மனியில் 'பசுமையாளர்' என்ற பெயரில் ஒரு கட்சியே உருவானது. நிறம் அரசியலாயிற்று. மக்கள் அந்த நிறத்தை நம்பத் தொடங்கியதும், அதைப் பூசிக்கொள்ளவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

இப்போது தமிழுக்கு வருவோம். பசுமைக் கண்துடைப்பு, பசுமை முலாம், பசுமைப் பூச்சு, பச்சைப் பூச்சு என்று பல சொற்களைச் சொல்லலாம். 'கண்துடைப்பு' நல்ல சொல்தான். ஆனால் ஒப்புக்கு ஏதோ ஒன்றைச் செய்துவிட்டுப் போவதைத்தான் அது சொல்கிறது. கெடுதலை மறைக்கிற பாகம் அதில் வரவில்லை. 'முலாம்' மறைப்பைச் சொல்கிறது, ஆனால் தங்கம் வெள்ளியோடு ஒட்டிப் பிறந்த சொல். பித்தளைக்குத் தங்க முலாம் என்றால் புரியும், பசுமைக்கு முலாம் என்றால் காதில் கொஞ்சம் உரசுகிறது.

'பூச்சு' அப்படி இல்லை. சந்தனம் பூசுகிறோம், மஞ்சள் பூசுகிறோம், அரிதாரம் பூசுகிறோம். கொத்தனார் 'பூச்சு வேலை முடிஞ்சுது' என்கிறார். ஆழமில்லாத பேச்சை 'மேல்பூச்சு' என்று ஏற்கெனவே சொல்கிறோம். எல்லாவற்றுக்கும் மேல் 'பூசி மெழுகுதல்' இருக்கிறது. மண்ணைப் பூசிச் சாணம் போட்டு மெழுகிய வீட்டிலிருந்து வந்து, தப்பை மறைத்துப் பேசுவதற்குப் பெயராகிப்போன சொல். ஆங்கிலத்தில் சுண்ணாம்பு செய்த வேலையை நம் மொழியில் மண்ணும் சாணமும் எப்போதோ செய்து முடித்துவிட்டன. இரவல் வாங்க வேண்டிய தேவையே இல்லை.

அடுத்தது, பசுமையா பச்சையா? இதில் எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. 'பசுமை' உள்ளிருந்து வருவது. பைங்கிளி, பைந்தமிழ், பசுமையான நினைவு எல்லாம் அந்த வேரிலிருந்து வந்தவை. அதை யாராலும் வாளியில் கரைக்க முடியாது. 'பச்சை'யைக் கரைக்கலாம், 'கதவுக்குப் பச்சை அடிச்சாச்சு' என்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதோடு 'பச்சைப் பொய்' என்று ஒன்று இருக்கிறதே! 'பச்சைப் பூச்சு' என்று சொல்லும்போதே அந்தப் பொய்யின் சாயல் பக்கத்தில் வந்து நிற்கிறது. அதனால் உண்மையானதற்குப் 'பசுமை', பூசியதற்குப் 'பச்சை' என்று வகுப்பில் ஒரு வரம்பு கட்டிக்கொண்டோம். பசுமை ஆற்றல், பசுமைக் கண்டுபிடிப்பு ஒரு பக்கம். பச்சைப் பூச்சு, பச்சை பூசிய விளம்பரம், பச்சை பூசுகிறார்கள் என்பவை மறுபக்கம். பெயராகவும் வினையாகவும் வளைகிற சொல்தான் பேச்சில் தங்கும்.

எங்கள் மாவட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் உதாரணம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக, அதுவும் ஆனி ஆடியில், வருகிற காற்று ஆளையே தள்ளும். அந்தக் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காத்தாடிகள் நிற்கின்றன. காற்றாலை என்று எழுதுவோம், வாயில் வருவது காத்தாடிதான். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 1,500 மெகாவாட் திறன் என்பார்கள். காற்று அடித்தால் மீட்டர் ஓடும், நின்றால் நிற்கும். எவ்வளவு மின்சாரம் என்று யார் வேண்டுமானாலும் கணக்குக் கேட்கலாம். அது பசுமை. அதே காத்தாடியைப் படம் எடுத்து, அதற்குச் சம்பந்தமே இல்லாத புகை கக்கும் பொருளின் விளம்பரத்தில் பின்னணியாக வைத்தால் அது பச்சை.

பை விஷயத்தில் நானே ஏமாந்தேன். ஜவுளிக்கடை ஒன்றில் துணி எடுத்தபோது, பச்சை இலைப் படம் போட்ட, தொட்டால் துணி மாதிரியே இருக்கிற ஒரு பையைக் கொடுத்தார்கள். 'இயற்கையின் நண்பன்' என்று அச்சடித்திருந்தது. பத்திரமாக வைத்து மீன் வாங்கப் போகும்போதெல்லாம் கொண்டுபோனேன். மாடியில் வெயில் படுகிற இடத்தில் ஒரு கோடை முழுக்கத் தொங்கியதும் தொட்ட இடமெல்லாம் பொடியாய் உதிர்ந்தது. அது பாலிபுரொப்பிலின், நெய்யாமல் ஒட்டிச் செய்த பிளாஸ்டிக். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்த நெய்யாத பையும் உண்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் உண்டு. நான் அதைத் துணி என்றே நம்பியிருந்தேன். உதிர்ந்த பொடி எங்கள் கிணற்றடி மண்ணில்தான் கிடக்கிறது என்று நினைக்கும்போது இப்போதும் மனசு கேட்பதில்லை. எங்கள் அம்மா காலத்தில் மீனுக்கு ஓலை உமல் கொண்டுபோனார்கள், அக்கானியை, அதாவது பதநீரை, பனையோலைப் பட்டையில் குடித்தார்கள். குடித்து முடித்துத் தூக்கிப் போட்ட பட்டையை மண் தின்றுவிடும். அதில் யாரும் இலைப் படம் அச்சடிக்கவில்லை.

'மக்கும்' என்று எழுதியிருக்கிற பைகளிலும் கவனம் வேண்டும். சோள மாவுச்சத்திலிருந்து செய்கிற பாலிலாக்டிக் அமிலப் பிளாஸ்டிக், தொழிற்கூட உரக்குழியில் 58 டிகிரி அளவுக்குச் சூடு தொடர்ந்து இருந்தால்தான் ஒழுங்காக மக்கும். தென்னந்தோப்பு மூலையில் குழி தோண்டிப் போட்டால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். சொன்னது பொய் இல்லை, சொல்லாமல் விட்டதில்தான் பூச்சு இருக்கிறது.

உலக அளவில் பெயர்போன வழக்கு ஃபோக்ஸ்வாகன். தன் டீசல் கார்களைத் தூய்மையானவை என்று விளம்பரம் செய்து விற்றது. புகைச் சோதனை நடப்பதைக் கண்டுகொண்டு, அந்த நேரத்துக்கு மட்டும் புகையைக் குறைக்கிற மென்பொருள் காருக்குள்ளேயே இருந்தது. சாலையில் ஓடும்போது நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்த அளவைப்போல 40 மடங்கு வரை வந்தது. 2015 செப்டம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை இதை வெளியிட்டது, உலகம் முழுக்க 1.1 கோடி கார்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. காருக்குள் கருவியை வைத்துச் சாலையில் ஓட்டிப் பார்த்து முதலில் சந்தேகத்தைக் கிளப்பியது மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆய்வுக் குழு. இதைச் சொன்னபோது பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

இந்தியாவிலும் சட்டம் இதைக் கவனிக்கத் தொடங்கிவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் இதற்கென்றே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பசுமையானது, இயற்கைக்கு உகந்தது என்று பொதுப்படையாகப் போட்டுவிட்டுப் போக முடியாது, அதற்குச் சான்றும் விளக்கமும் தர வேண்டும் என்கிறது அது. நாங்கள் வகுப்பில் இதை மூன்று கேள்வியாகச் சுருக்கிக்கொண்டோம்: எதில் பசுமை, எவ்வளவு பசுமை, யார் பார்த்துச் சொன்னது? போன வாரம் ஆளுக்கொரு சோப்பு உறையும் பிஸ்கட் உறையும் கொண்டுவந்து இந்தக் கேள்விகளை வைத்து ஆங்கிலத்தில் பத்து வரி எழுதினார்கள். இலக்கணப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

'வாஷ்' குடும்பம் இன்னும் பெருகிக்கொண்டே போகிறது. விளையாட்டுப் போட்டிகளை நடத்தித் தன் மனித உரிமைக் குற்றங்களை மறைக்கிற நாட்டைச் சொல்ல 'ஸ்போர்ட்ஸ்வாஷிங்' இருக்கிறது. 'விளையாட்டுப் பூச்சு' என்று அதையும் சொல்லிவிடலாம், சிக்கலில்லை. 'கிரீன்ஹஷிங்' என்று இன்னொன்று வந்திருக்கிறது. உண்மையிலேயே நல்ல காரியம் செய்கிற நிறுவனம், வெளியே சொன்னால் யாராவது குற்றம் கண்டுபிடிப்பார்களோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வது. இதற்கு 'பச்சை மறைப்பு' என்று நான் பலகையில் எழுதினேன். மூளைச்சலவை பற்றிக் கேட்ட அதே பையன் எழுந்தான்.

"பச்சை வராது டீச்சர். அவங்க செய்தது உண்மையான காரியமில்லா? அப்போ பசுமைதான் வரணும். 'பசுமை மௌனம்'னு போடுங்க."

அழித்துவிட்டு அப்படியே எழுதினேன்.